அக்கா இல்லாத கூட்டம்

அக்காவுக்கு மூலம் என்று எட்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தோம். கிளினிக்கில் அப்படித்தான் சொன்னார்கள். ஒரு களிம்பு, ஒரு பாட்டில் மருந்து, தண்ணீர் நிறையக் குடிக்கணும் என்ற அறிவுரை. மூன்று முறை போனாள். மூன்று முறையும் வேறு வேறு டாக்டர், அதே களிம்பு. ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கச் சொல்லவில்லை. ரத்தம் போகிறது என்பதை ஓர் ஆண் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்வதற்கே அவளுக்கு இரண்டு மாதம் பிடித்திருந்தது. அதன்பிறகு கிளினிக்குக்கும் போகாமல், டவுனுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் களிம்பை வாங்கிவரும்படி என் மனைவியிடம் சொல்லிவிடுவாள். ரத்தம் போவதைப் பற்றி என்னிடம் மூச்சுவிடவில்லை.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. எங்கள் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் சலிக்கும் பகுதியில் வேலை. காய்ந்த தூளைப் பெரிய சல்லடைகள் ஆட்டித் தரம் பிரிக்கும் இடம் அது. எட்டு மணி நேரம் நின்றபடியே பார்க்க வேண்டிய வேலை. மாமா இறந்து பல வருடம் ஆகிவிட்டது, பிள்ளைகள் கிடையாது. அவள் தொழிலாளர் லயத்து வீட்டில் இருந்தாள். நான் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி; ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் மனைவியோடு இருக்கிறேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஐந்து நிமிட நடை. தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அவள் இளைத்துப்போனதையும் பார்த்தேன். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் இதை நினைத்தால் முதல் கோபம் என்மேல்தான் வருகிறது.

ஒருநாள் காலை சல்லடைக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தாள். மாவட்ட ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "இவ்வளவு குறைந்த ரத்தத்தோடு எப்படி நின்று வேலை செய்தார்?" என்று என்னைக் கேட்டார்கள். இரண்டு பை ரத்தம் ஏற்றி, மலைக்குக் கீழே இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே குழாய் விட்டுப் பார்த்து, சதையில் கொஞ்சம் கிள்ளி எடுத்தார்கள். மலக்குடலில் கேன்சர்.

முதலில் பார்த்த ஆபரேஷன் டாக்டர் கெட்டிக்காரர் என்று எல்லாரும் சொன்னார்கள். கெட்டிக்காரராகத்தான் இருந்திருப்பார். ஆனால் அவருக்கு நேரம் இல்லை. நின்றுகொண்டே மலாயில் பேசினார்.

"கட்டி ரொம்பக் கீழே இருக்கு. வெட்டி எடுத்துட்டு அந்த வழியை மூடிடுவோம். மலம் போறதுக்கு வயித்துல ஒரு பை வைப்போம்."

"எத்தனை நாளைக்கு டாக்டர்?" என்று கேட்டேன்.

"வாழ்நாள் முழுக்க."

அக்காவுக்கு மலாய் நன்றாகத் தெரியும். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. என் காடியில் ஏறி உட்கார்ந்து நான் காரைக் கிளப்பியதும், "நான் மாட்டேன் தம்பி" என்றாள். அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்கு முன்னால் இன்னொரு டாக்டரையும் பார்த்துவிடச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்திருந்தார்கள். அது கதிர்ச்சிகிச்சை டாக்டருக்கு. அவர் இருந்தது வேறு ஊரில், எங்கள் தோட்டத்திலிருந்து மூன்று மணி நேரம் தள்ளி இருந்த இன்னொரு ஆஸ்பத்திரியில். சீனப் பெண்மணி, என் வயது இருக்கும். கோப்பைப் பொறுமையாகப் படித்தார். "முதலிலேயே வெட்ட வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கதிரும் மாத்திரையும் கொடுத்தால் கட்டி சுருங்கலாம். சுருங்கினால் நிரந்தரமாகப் பை இல்லாமலே ஆபரேஷன் செய்ய வாய்ப்பு உண்டு" என்றார்.

எனக்கு அங்கேயே எழுந்து கும்பிடலாம் போலிருந்தது. மறுவாரம் ஆபரேஷன் டாக்டரிடம் போய் இதைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "அதற்குள் பரவிவிட்டால் யார் பொறுப்பு?" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "சரி, கூட்டத்தில் பேசுவோம்" என்றார்.

அந்தக் கூட்டம் என்னவென்று அங்கே நர்ஸாக இருந்த ஒரு மிஸ்ஸிதான் எனக்கு விளக்கினார். வெட்டுபவர், கதிர் கொடுப்பவர், மருந்து கொடுப்பவர், ஸ்கேன் படிப்பவர், சதையைச் சோதிப்பவர் என்று எல்லா டாக்டர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து, தூரத்தில் இருப்பவர்கள் கம்ப்யூட்டர் வழியாக வந்து, ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன செய்வது, எதை முதலில் செய்வது என்று சேர்ந்து முடிவெடுப்பார்களாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை. அந்தக் கூட்டத்துக்கு வேண்டிய காகிதங்களைச் சேர்ப்பது அந்த மிஸ்ஸியின் வேலை. மலாய்க்காரர், ஐம்பதை நெருங்கியவர்.

"நல்ல ஏற்பாடுதான்லா" என்று அக்காவிடம் சொன்னேன். "ஆளுக்கு ஒண்ணு சொல்லாம எல்லாரும் சேர்ந்து ஒரே பேச்சா சொல்லிடுவாங்க."

"நானும் போகணுமா?"

"நீ போக வேண்டாம். டாக்டருங்க மட்டும்தான்."

"என்னைப் பத்தித்தானே பேசுறாங்க?" என்றாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் வியாழக்கிழமை ஆபீசில் செக்ரோலை விரித்து வைத்துக்கொண்டு போனையே பார்த்திருந்தேன். ஆட்களின் வருகையைக் குறிக்கும் அந்தப் பேரேட்டில் அன்றைக்கு இரண்டு பெயரைத் தப்பாகப் போட்டேன். சாயங்காலம் நானே மிஸ்ஸிக்குப் போன் செய்தேன். அக்காவின் எம்.ஆர்.ஐ. படம் கூட்டத்தில் திறக்கவில்லையாம். வெளியில் ஒரு ஸ்கேன் நிலையத்தில் எடுத்த படம். அவர்கள் கொடுத்த சிடி ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் ஓடவில்லை. படம் இல்லாமல் பேச முடியாது. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

"காலையிலேயே சொல்லியிருந்தா நான் புதுசு கொண்டுவந்திருப்பேனே" என்றேன்.

"எங்களுக்கே கூட்டத்தில்தானே தெரிந்தது" என்றார். பொய் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

புது சிடியை நானே வாங்கிக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவு செய்தேன். லீவு போட்டுவிட்டுக் காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். மலைப்பாதையில் கியா பார்மைத் தாண்டியதும் கோலா தெர்லா வரை காய்கறி லோரிகளின் பின்னால் ஊர்ந்தேன். அதற்கப்பால் மண் சரிந்து பாதை மூடியிருந்தது. திரும்பி மலையின் மறுபக்கப் பாதையில் இறங்கி, தாப்பா வழியாகச் சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது நிலையத்தில் சாப்பாட்டு நேரம். ஒரு மணி நேரம் காத்திருந்தேன். சிடி கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மிஸ்ஸியின் கையிலேயே கொடுத்தேன். அவர் என் முன்னாலேயே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். படம் திறந்தது. ஏதோ பெரிய காரியம் சாதித்தவனைப் போல வீடு திரும்பினேன்.

இரண்டாவது கூட்டத்தில் படம் இருந்தது. இந்தத் தடவை சதைச் சோதனையின் கண்ணாடித் தகடுகள் இல்லை. அவற்றை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அவை வேறு கட்டடத்தில் பூட்டிய அலமாரியில் இருந்தன. மறுபடியும் தள்ளிவைத்தார்கள். மூன்றாவது கூட்டம் நடக்கவே இல்லை. சீனப் புத்தாண்டு விடுமுறை.

அக்காவுக்கு ரத்தம் போவது நிற்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்து வியாழக்கிழமையும் "என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். என் மனைவிதான் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பாள். திரும்பி வந்து, "அண்ணி வெளுத்துப்போய்ட்டாங்க. உங்க டாக்டருங்க எப்பத்தான் பேசி முடிப்பாங்க?" என்பாள். உங்க டாக்டருங்க! நான்தான் அவர்களை அனுப்பி வைத்ததுபோல.

ஒருவழியாக அடுத்த கூட்டத்தில் பேசிவிட்டார்கள். மிஸ்ஸி அன்றைக்கே போன் செய்தார். ஐந்து வாரம் கதிர்ச்சிகிச்சை, கூடவே மாத்திரை. பிறகு சில வாரம் இடைவெளி விட்டு மறுபடியும் ஸ்கேன். அதன்பிறகு ஆபரேஷன்.

"பை?" என்று கேட்டேன்.

"கொஞ்ச காலத்துக்கு மட்டும் போதும் என்று நம்புகிறார்கள். ஆபரேஷன் டாக்டரும் ஒத்துக்கொண்டார். படத்தைப் பெரிய திரையில் போட்டு எல்லாரும் சேர்ந்து பார்த்ததும் அவரே, 'முதலில் சுருக்கிப் பார்ப்போம்' என்று சொன்னார்."

முதல் தடவையாக எல்லா டாக்டரும் ஒரே வார்த்தை சொன்னார்கள். லயத்துக்கு ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

மூன்று நாளில் கடிதம் வந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை, தினமும் காலை ஒன்பதரை மணி, ஐந்து வாரம். கதிர் கொடுக்கும் இயந்திரம் இருந்தது அந்தச் சீன டாக்டரின் ஆஸ்பத்திரியில்தான். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம், வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதை. கதிர்ச்சிகிச்சை எடுப்பவளுக்கு வயிறு கட்டுக்குள் இருக்காது என்று அதே கடிதத்தில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஒரு கட்டத்தில் யாரோ அடையாளம் போட்டிருந்தார்கள்: வீட்டிலிருந்து வருவார், சொந்த வாகனம்.

அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் எனக்குத் தலை கொதித்தது. எங்களிடம் கேட்டது யார்?

முதல் நாள் பரிசோதனைக்குப் போனபோது அந்தச் சீன டாக்டரிடம் கேட்டேவிட்டேன். குரலைத் தாழ்த்த வேண்டும் என்று எண்ணிக்கொண்டுதான் போனேன், முடியவில்லை.

"டாக்டர், அத்தனை பேர் உட்கார்ந்து இவங்களைப் பத்திப் பேசினீங்க. ஸ்கேன் பார்த்தீங்க, சதையைப் பார்த்தீங்க. இவங்க எங்கே இருந்து வர்றாங்கன்னு யாராவது கேட்டீங்களா?"

அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். டாக்டர் கோப்பைத் திறந்து முகவரியைப் பார்த்தார்.

"கேட்கவில்லை" என்றார். "கேட்டிருக்க வேண்டும்."

அவர் அங்கேயே போனை எடுத்து மிஸ்ஸியிடம் பேசினார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வெளியூர் நோயாளிகள் தங்குவதற்கு ஒரு விடுதி இருந்தது. அது இருப்பதை அதுவரை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அங்கே இடம் காலியாக இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். சரி, இன்னும் இரண்டு வாரம்.

விடுதியில் அக்காவோடு அதே அறையில் மக்சிக் என்று எல்லாரும் கூப்பிடும் வயதான மலாய்க்கார அம்மா ஒருவர் இருந்தார். ஏதோ கம்போங்கிலிருந்து, கிராமத்திலிருந்து வந்தவர், அவருக்கும் கதிர்தான். இரண்டு பேரும் காலையில் சேர்ந்தே நடந்துபோய்ச் சேர்ந்தே திரும்புவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். முதல் இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை.

மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை மத்தியானம், ஆபீஸ் வாசலில் அக்கா நின்றாள். கையில் துணிப்பை. பஸ் பிடித்து டவுன் வரை வந்து, அங்கிருந்து யாரோ தெரிந்தவர் வேனில் ஏறி வந்திருக்கிறாள்.

"என்னக்கா இது? இன்னிக்கு உனக்கு இருக்குல்ல?"

"இன்னிக்கும் போகல. நேத்தும் போகல."

ஆபீசில் மற்றவர்கள் இருக்கிறார்கள் என்பதுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. கத்தினேன். எத்தனை வியாழக்கிழமை, எத்தனை தடவை மலை இறங்கினேன், எத்தனை பேரிடம் கெஞ்சினேன் என்று எல்லாவற்றையும் அவள் தலையில் கொட்டினேன். அவள் நின்று கேட்டாள். முடித்ததும் சொன்னாள்:

"எனக்குத் தோல் எல்லாம் வெந்துபோச்சுடா. உட்கார முடியல. ஒரு நாளைக்குப் பதினஞ்சு தடவை ஓடுறேன். அங்க கேட்டா 'அப்படித்தான் இருக்கும்'ங்கிறாங்க. எல்லாரும் என்னைப் பத்திப் பேசுறீங்க. டாக்டருங்க பேசுறாங்க, நீ பேசுற, மிஸ்ஸி பேசுறாங்க. என்கிட்ட யாருடா பேசினீங்க?"

என் மனைவி வந்து அவளை வீட்டுக்கு அழைத்துப்போனாள். நான் செக்ரோலுக்கு முன்னால் உட்கார்ந்தேன். எழுத்து ஒன்றும் தெரியவில்லை. கோபமா அழுகையா என்று எனக்கே விளங்கவில்லை.

சாயங்காலம் மிஸ்ஸி போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன். போனை அக்காவிடம் கொடுக்கச் சொன்னார். அவர்கள் அரை மணி நேரம் மலாயில் பேசினார்கள். எங்கே வெந்திருக்கிறது, எப்போது வலிக்கிறது, என்ன சாப்பிடுகிறாள், அந்த மாத்திரையை எப்போது போடுகிறாள் என்று ஒவ்வொன்றாக. போனை வைத்ததும் அக்கா சொன்னாள்: "வேற மருந்து தருவாங்களாம். நாளைக்குக் காலையில கொண்டுபோய் விட்டுடு."

மறுநாள் கொண்டுபோய் விட்டேன். தவறிய நாட்களைக் கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள்.

சிகிச்சை முடிந்து சில வாரம் கழித்து மறுபடியும் ஸ்கேன், மறுபடியும் கூட்டம். இந்தத் தடவை அக்கா மிஸ்ஸியிடம் நேராகவே கேட்டாள், தானும் அங்கே வந்து உட்காரலாமா என்று. முடியாது, மற்ற நோயாளிகளைப் பற்றியும் பேசுவார்கள் என்றார் மிஸ்ஸி. ஆனால் ஒரு காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு, "நீங்கள் அங்கே இருந்தால் என்ன சொல்வீர்கள்? சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றார்.

அக்கா யோசித்துச் சொன்னாள். நான் நின்று வேலை செய்கிறவள், திரும்ப வேலைக்குப் போகணும். நிரந்தரமாகப் பை வைக்க வேண்டியிருந்தால் என்னிடம் முன்னாலேயே சொல்லணும். மயக்கத்தில் இருக்கும்போது முடிவு பண்ணக் கூடாது. என் தம்பியிடம் சொல்வதை என்னிடம் சொல்லணும்.

கடைசி வரியைக் கேட்டு எனக்குச் சுருக்கென்றது. மிஸ்ஸி அதையும் எழுதிக்கொண்டார்.

கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டினாராம். எனக்கு அது எப்படித் தெரியும் என்றால், அடுத்த முறை அந்த ஆபரேஷன் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துப் பேசினார். கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது. தற்காலிகப் பைதான், சில மாதத்தில் மூடிவிடலாம், ஆனால் உள்ளே போய்ப் பார்த்தபின் மாற வேண்டியிருந்தால் என்ன செய்வது என்று அவளிடமே கேட்டு, அவள் சொன்னதைக் கோப்பில் எழுதினார். இதைச் செய்வதற்கு அவருக்குப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடம் முதல் நாளே ஏன் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெட்டி எடுத்த சதையைச் சுற்றியிருந்த நெறிக்கட்டிகளில் கேன்சர் இல்லை என்று சொன்னார்கள். பையோடு ஏழு மாதம் இருந்தாள். என் மனைவிதான் அதை மாற்றக் கற்றுக்கொண்டாள். பிறகு அக்காவே செய்துகொண்டாள். அதன்பிறகு பையை எடுத்துவிட்டு வழியைச் சரிசெய்தார்கள்.

இப்போது ஒவ்வொரு பரிசோதனையிலும் "நல்ல பலன்" என்கிறார்கள். கோப்பிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. பொய் இல்லை. அக்கா உயிரோடு இருக்கிறாள், வயிற்றில் பை இல்லை. அந்தக் கூட்டம் மட்டும் இல்லாதிருந்தால் முதல் டாக்டர் சொன்னபடி வெட்டி மூடியிருப்பார்கள், அல்லது அக்கா மாட்டேன் என்று வீட்டிலேயே கிடந்திருப்பாள். அதை நான் மறக்கவில்லை. ஆனால் கிளினிக்கில் போன எட்டு மாதத்துக்கு யாரும் கூட்டம் போட்டதாகத் தெரியவில்லை. நான் ஒரு புகார் எழுதிக் கொடுத்தேன். கிடைத்தது என்று ஒரு வரி பதில் வந்தது.

பை போனாலும் அவளுக்குப் பழைய வயிறு திரும்பவில்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை ஓட வேண்டியிருக்கிறது. வந்தால் அடக்க முடியாது. சலிக்கும் பகுதிக்குத் திரும்பப் போனாள். முதல் வாரத்திலேயே இரண்டு நாள் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஃபேக்டரியில் பெண்களுக்கான கழிப்பறை கீழ்த்தளத்தில், கட்டடத்துக்கு வெளியே இருக்கிறது. சலிக்கும் பகுதி மேல்மாடியில். நடுவில் முப்பத்தாறு படி. எண்ணிப் பார்த்தேன்.

பரிசோதனைக்குப் போனபோது இதைச் சீன டாக்டரிடம் சொன்னோம். இந்தத் தடவை அவர் அக்காவிடம்தான் கேட்டார், எத்தனை படி, எவ்வளவு தூரம் என்று. மேல்மாடியில் ஒரு கழிப்பறை வேண்டும் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதோடு நானும் ஒரு விண்ணப்பம் எழுதித் தோட்டத்து மேனேஜர் துரையிடம் கொடுத்தேன். "பார்க்கலாம்" என்றார். இரண்டு மாதம் கழித்து இன்னொன்று கொடுத்தேன். தண்ணீர்க் குழாயை மேலே கொண்டுபோவது சிரமம், தலைமை ஆபீசில் கேட்க வேண்டும் என்றார்.

இப்போதைக்கு அக்காவைக் கீழ்த்தளத்தில் பெட்டி ஒட்டும் இடத்தில் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்த வேலை. அவளுக்குப் பிடிக்கவில்லை. முப்பது வருடம் தூளைக் கையில் அள்ளிப் பார்த்தே தரம் சொன்னவள்.

போன வாரம் ஆபீசுக்கு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"மூணாவது கடிதம் எழுது" என்றாள். "இந்தத் தடவை என் பேர்ல எழுது. கையெழுத்து நான் போடுறேன்."

எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டச் சொல்கிறாள்.